டிராம்மா ஜொக்கோசோ: இது தனி வகையா, ஓபரா புஃபாவின் இன்னொரு பெயரா?

வைகறை

எல்லோருக்கும் வணக்கம். மொஸார்ட்டின் டான் ஜொவானி ஓபராவை இப்போதுதான் முழுதாகக் கேட்டு முடித்தேன். இசைத்தட்டுடன் வந்த குறிப்பில், இது ஓபரா புஃபா, அதாவது வேடிக்கை ஓபரா, இல்லை, டிராம்மா ஜொக்கோசோ என்ற தனி வகை, துன்பியலும் நகைச்சுவையும் சரிபாதி கலந்தது என்று போட்டிருக்கிறார்கள். வேறொரு கட்டுரையில் மொஸார்ட் தன் கையாலேயே இதை ஓபரா புஃபா என்று எழுதி வைத்திருக்கிறார் என்று படித்தேன். இரண்டில் எதை எடுத்துக்கொள்வது? இந்த டிராம்மா ஜொக்கோசோ என்பதை எந்தெந்தப் படைப்புகளுக்குச் சொல்வார்கள்?

சுரபேதம்

நீங்கள் படித்த இரண்டு பெயர்களுக்கும் சான்று இருக்கிறது வைகறை. குறிப்பில் வரும் விளக்கத்தைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

1787 அக்டோபர் 29 அன்று பிராக் நகரில் டான் ஜொவானி முதலில் மேடையேறியது. அதற்காக அச்சிட்ட லிப்ரெட்டோவில், அதாவது அரங்குக்கு வருபவர்கள் கையில் வைத்துப் படிக்கும் பாடல் புத்தகத்தில், டிராம்மா ஜொக்கோசோ என்று இருக்கிறது. அதை எழுதியவர் லொரென்சோ டா போன்டே. மொஸார்ட் 1784 முதல் தன் படைப்புகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தார். முதல் நிகழ்ச்சிக்கு முந்தின நாள் தேதியிட்டு அதில் இதே படைப்பைப் பதிவு செய்திருக்கிறார். அங்கே அவர் எழுதியது ஓபரா புஃபா.

ஆக, கவிஞர் ஒரு பெயரும் இசையமைப்பாளர் ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். இதைப் பார்த்து இருவருக்கும் கருத்து வேறுபாடு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி இல்லை. அந்தக் காலத்தில் எழுத்துப் பிரதி ஒரு இலக்கியப் பொருள். மெத்தாஸ்தாசியோ போன்ற பெரிய கவிஞர்கள் அரசர்கள், வீரர்கள் பற்றி எழுதிய தீவிர ஓபராக்களின் பிரதிகள் டிராம்மா பெர் மூசிக்கா, இசைக்கான நாடகம், என்றுதான் அச்சாகும். அதே மரபில் வேடிக்கைக் கதை எழுதியவர்கள் டிராம்மா ஜொக்கோசோ என்று போட்டுக்கொண்டார்கள். விளையாட்டான நாடகம், அவ்வளவுதான் பொருள். அந்தப் பிரதிக்கு இசை அமைத்து மேடையேற்றியதும் ஊரார் அதை அழைத்த பெயர் ஓபரா புஃபா.

மணிப்புறா

சுரபேதம் சார், இதை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது என்று நினைக்கிறேன். அந்தப் பெயரைப் பரவலாக்கியவர் நாடகாசிரியர் கார்லோ கோல்டோனி. வெனிஸில் அவர் 1740களின் இறுதியிலிருந்து எழுதிய ஓபரா பிரதிகளைப் பாருங்கள். முன்பு வேடிக்கை ஓபராவில் வேலைக்காரி, கஞ்சக் கிழவன், போலி வைத்தியர் மாதிரி ஆட்கள்தான் நடமாடுவார்கள். கோல்டோனி என்ன செய்தார்? அதே கதைக்குள் ஒரு தீவிரமான காதல் ஜோடியையும் கொண்டு வந்தார். பாத்திரப் பட்டியலையே பார்த்தி சேரியே, பார்த்தி புஃபே என்று பிரித்து அச்சிட்டார்கள். தீவிரப் பாத்திரங்கள் ஒரு பக்கம், வேடிக்கைப் பாத்திரங்கள் ஒரு பக்கம். நடுவில் மெட்சோ கரத்தேரே என்று இரண்டுங்கெட்டான் பாத்திரங்களும் உண்டு.

1754இல் கலுப்பி இசையமைத்த இல் ஃபிலோசஃபோ டி கம்பாஞ்ஞா நல்ல உதாரணம். எவுஜெனியா, ரினால்டோ இருவரும் தீவிர ஜோடி. நார்டோ என்ற விவசாயி, லெஸ்பீனா என்ற வேலைக்காரி, எவுஜெனியாவின் அப்பா டோன் த்ரித்தேமியோ எல்லாம் வேடிக்கைப் பக்கம். பாட்டின் கட்டமைப்பே பிரிந்து வரும். எவுஜெனியாவுக்கு நீண்ட, நகாசு வேலை நிறைந்த ஆரியா, அதாவது தனிப்பாட்டு. லெஸ்பீனாவுக்குச் சின்னச் சின்ன, நாட்டுப்பாட்டு போன்ற மெட்டுகள்.

இதை அப்படியே டான் ஜொவானியில் பொருத்திப் பாருங்கள். பிரபு குடும்பத்து டோனா ஆனாவும் அவளை மணக்க இருக்கும் ஒத்தாவியோவும் தீவிரம், ஜொவானியின் வேலைக்காரன் லெப்போரெல்லோ, கிராமத்து ஜோடி செர்லீனா, மசெத்தோ மூவரும் வேடிக்கை, ஜொவானி கைவிட்ட டோனா எல்வீரா நடுவில். கோல்டோனி போட்ட கோட்டில்தான் டா போன்டே நடந்திருக்கிறார். அப்படியானால் அந்தப் பெயருக்கு ஒரு தனிப் பொருள் இருக்கிறது என்றுதானே ஆகிறது?

தெற்குவாசல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊர்ப்பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் வரும் பபூன் வேடத்துக்கும் இந்த புஃபாவுக்கும் தொடர்பு உண்டா?

சுரபேதம்

உண்டு தெற்குவாசல் அண்ணா. இத்தாலியில் புஃபோனே, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் மேடைக்கு பபூனாக வந்து சேர்ந்த சொல். 1752இல் ஓர் இத்தாலிய நாடகக் குழு பாரிஸ் ஓபராவில் ஆடியபோது அவர்களை புஃபோன்கள் என்றுதான் அழைத்தார்கள். அந்தக் குழு ஆடிய பெர்கொலேசியின் லா செர்வா பத்ரோனாவை வைத்துப் பெரிய சண்டையே மூண்டது. பிரெஞ்சு இசை உசத்தியா, இத்தாலிய இசை உசத்தியா என்று பிரசுரங்களாக எழுதித் தள்ளினார்கள். தத்துவ ஞானி ரூஸோ இத்தாலியப் பக்கம் நின்றார்.

அந்தப் படைப்பே இந்தப் பேச்சுக்கு உதவும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவிர ஓபராவிலிருந்து வேடிக்கை ஆட்களைக் கிளப்பி வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கு இடைவேளையில் மட்டும் இடம். அதற்குப் பெயர் இன்டர்மெட்சோ. லா செர்வா பத்ரோனா 1733இல் நேப்பிள்ஸில் அப்படி ஒரு தீவிர ஓபராவின் அங்கங்களுக்கு நடுவில் ஆடப்பட்டதுதான். பாடுபவர்கள் இரண்டே பேர். உபெர்த்தோ என்ற முதலாளி, செர்பீனா என்ற வேலைக்காரி. மூன்றாவது ஆள் பேசவே மாட்டார். தீவிரமும் வேடிக்கையும் ஒரே இரவில் ஒரே மேடையில் இருந்தாலும் ஒன்றை ஒன்று தொடாது. கோல்டோனி காலத்தில் அந்தச் சுவர் மறுபக்கத்திலிருந்து உடைந்தது. தீவிர ஆட்கள் வேடிக்கை வீட்டுக்குள் குடிவந்தார்கள்.

இப்போது மணிப்புறாவின் கேள்வி. பாத்திரப் பிரிவு பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் தீவிர ஜோடி வந்து சேர்ந்த பிறகும் அந்தப் படைப்புகளை அந்தக் கால மக்கள் ஓபரா புஃபா என்றுதான் சொன்னார்கள். வகை விரிந்தது, அதற்குள் புதிய ஆட்கள் வந்தார்கள். அதிலிருந்து பிரிந்து வேறொரு வகை பிறந்துவிடவில்லை.

இன்னொரு சோதனை செய்து பார்க்கலாம். மொஸார்ட்டும் டா போன்டேயும் சேர்ந்து செய்தவை மூன்று. ஃபிகாரோவின் பிரதியில் கொம்மேதியா பெர் மூசிக்கா, டான் ஜொவானியில் டிராம்மா ஜொக்கோசோ, கோசி ஃபான் துத்தேயிலும் டிராம்மா ஜொக்கோசோ. மொஸார்ட்டின் பட்டியலில் மூன்றுமே ஓபரா புஃபா. அவருக்கு வகை வேறுபாடு தெரியாமல் இல்லை. தன் லா கிளெமென்சா டி தீத்தோவுக்கு ஓபரா சீரியா, அதாவது தீவிர ஓபரா, என்று அதே பட்டியலில் தெளிவாகக் குறித்திருக்கிறார். டிராம்மா ஜொக்கோசோ என்பது பாதி சோகம் என்றால், ஒருவரும் சாகாத கோசி எப்படி டான் ஜொவானியோடு ஒரே பெயரில் வரும்?

ஐந்துகட்டை

கோசி பற்றி ஒரு வார்த்தை. ஃபியோர்டிலீஜியின் பெரிய ஆரியாவைக் கேளுங்கள். பாறை போல நிற்பேன் என்று பாடுகிறாள். குரல் உச்சத்திலிருந்து அடிமட்டம் வரை குதித்துக் குதித்து இறங்குகிறது. இசையின் மொழி முழுக்க முழுக்க ஓபரா சீரியாவின் மொழி. ஆனால் எதிரே நிற்பவர்கள் மாறுவேடத்தில் வந்த காதலர்கள். பாடுபவளுக்கு அது விளையாட்டு இல்லை, பார்க்கும் நமக்கு விளையாட்டு. இதைப் பாடிப் பழகியவர்களுக்குத் தெரியும், நக்கலாகப் பாடினால் பாட்டு செத்துவிடும். முழு மனதோடு பாடினால்தான் காட்சியின் வேடிக்கையும் நிற்கும். தீவிரம் வேண்டியது பாடகியின் தொண்டையில். அட்டையில் எந்த வகைப் பெயர் போட்டிருந்தாலும் அந்த வேலை குறையாது.

மணிப்புறா

ஐந்துகட்டை அக்கா சொல்வது பிடித்திருக்கிறது. சரி, சார், நான் இன்னொரு படைப்பை எடுத்து வைக்கிறேன். ரோஸினியின் லா செனெரென்தோலா, 1817. அதுவும் டிராம்மா ஜொக்கோசோதான். ஆஞ்ஜெலீனா அடுப்படியில் உட்கார்ந்து முதலில் பாடுவது மைனர் சுரத்தில் ஒரு சோகமான பழங்கதைப் பாட்டு. சித்தப்பன் முறைக்கு இருக்கும் டோன் மஞ்ஞீஃபிகோ, அவள் செத்துப் போய்விட்டாள் என்று அவள் எதிரிலேயே அரசகுமாரன் ஆட்களிடம் சொல்கிறார். சிரிக்க வைக்கும் ஆளே இவ்வளவு கொடூரமாகப் பேசும் காட்சி அது. அங்கே அந்தப் பெயர் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

வைகறை

சித்தப்பனா? மாற்றாந்தந்தை இல்லையா?

மணிப்புறா

ஆமாம், மாற்றாந்தந்தை. அம்மாவின் இரண்டாவது கணவர். அவளுடைய சொத்தைத் தன் பெண்களுக்குச் செலவழித்துவிட்டவர்.

சுரபேதம்

அருமையான காட்சி அது, மறுக்கவே மாட்டேன். ஆனால் அதே ரோஸினி நான்கு வருடம் முன்னால், 1813இல், வெனிஸுக்கு எழுதிய லித்தாலியானா இன் அல்ஜேரியின் பிரதியிலும் டிராம்மா ஜொக்கோசோ என்றுதான் இருக்கிறது. முதல் அங்கத்தின் முடிவை நினைத்துப் பாருங்கள். ஆளாளுக்கு மண்டைக்குள் ஒரு சத்தம் கேட்கிறது. பெண்களுக்கு மணி அடிக்கிறது, டின் டின். ஒருவனுக்குச் சுத்தியல், தாக் தாக். ததேயோவுக்குக் காக்கை, க்ரா க்ரா. முஸ்தஃபாவுக்குப் பீரங்கி, பூம் பூம். ஏழு பேரும் சேர்ந்து அந்தச் சத்தங்களையே பாட்டாக அடுக்கி, வேகம் ஏறிக்கொண்டே போகும். இதில் சரிபாதி துன்பியலை எங்கே தேடுவது?

அடுத்த வருடம் வந்த இல் துர்க்கோ இன் இத்தாலியாவில் டிராம்மா புஃபோ. 1832இல் டோனிஸெத்தியின் லெலிசிர் தாமோரேயில் மெலோடிராம்மா ஜொக்கோசோ. 1843இல் டோன் பஸ்குவாலேயில் திரும்பவும் டிராம்மா புஃபோ. பெயர்ப் பலகைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. லெலிசிரில் நெமோரினோ ஒற்றைக் கண்ணீர்த் துளியைப் பற்றிப் பாடும் இடமும், பஸ்குவாலே கன்னத்தில் அறை வாங்கியதும் பாட்டு சட்டென்று நிறம் மாறும் இடமும் உருக்குவதில் ஒன்றுக்கொன்று குறைந்தவை இல்லை. பெயரை வைத்து எதில் அழுகை எவ்வளவு என்று அளக்க முடியாது.

உண்மையிலேயே கலவை என்று அறிவிக்க விரும்பியவர்களிடம் அதற்கு வேறு சொற்கள் இருந்தன. ஹைடன் 1782இல் இசையமைத்த ஓர்லாண்டோ பலதீனோவுக்கு டிராம்மா ஏரோய்கோமிகோ என்று பெயர். வீரமும் வேடிக்கையும். அப்புறம் 1800ஐ ஒட்டி ஓபரா செமிசேரியா என்று ஒன்று கிளம்பியது. ரோஸினியின் லா காட்ஸா லாத்ரா அந்த வகை. வெள்ளிக் கரண்டி திருடினாள் என்று ஓர் அப்பாவி வேலைக்காரியைத் தூக்குமேடை வரை கொண்டு போய், கடைசியில் திருடியது ஒரு பறவை என்று தெரிய வரும் கதை. பாதித் தீவிரம் என்ற பொருளைத் தேடுபவர்கள் அங்கே போக வேண்டும். அதை டிராம்மா ஜொக்கோசோவின் தலையில் கட்டியது பிற்காலத்து வாசிப்பு.

ராக்கோழி

அந்தப் பிற்கால வாசிப்பு எங்கிருந்து வந்தது? கொஞ்சம் சொல்லுங்களேன்.

சுரபேதம்

பெரும் பங்கு 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய ரொமான்டிக்குகளுடையது. ஈ.டி.ஏ. ஹொஃப்மன் 1813இல் டான் ஜொவானியைச் சுற்றி ஒரு கதை எழுதினார். அதில் நாயகன் நிறைவையே காண முடியாத ஒரு பேருள்ளம், டோனா ஆனா அவனுக்கு நிகரான ஒரு தெய்வீகப் பெண். அந்தப் பார்வை பலமாகப் பிடித்துக்கொண்டது. கதாநாயகன் நரகத்துக்குப் போன பிறகு மிச்சமிருப்பவர்கள் ஆறு பேர் வந்து பாடும் கடைசிப் பகுதியைப் பல மேடைகளில் வெட்டிவிட்டார்கள். தீ, இருட்டு, அலறல், திரை. வேடிக்கை ஓபரா என்று சொன்னால் இவ்வளவு பெரிய படைப்புக்குக் குறைவு என்று நினைத்தவர்களுக்கு, பிரதியில் டிராம்மா என்ற சொல் இருந்தது வசதியாகப் போய்விட்டது.

எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. வேடிக்கை ஓபரா என்றால் ஆழம் குறைந்தது என்ற எண்ணம்தான் இதற்கெல்லாம் அடியில் கிடக்கிறது. டான் ஜொவானியின் முதல் சில நிமிடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். லெப்போரெல்லோ வீட்டுக்கு வெளியே காவல் நின்றபடி, இரவும் பகலும் உழைக்கிறேன் என்று முணுமுணுக்கிறான். நல்ல புஃபோ பாட்டு. உடனே உள்ளேயிருந்து ஆனா அவனுடைய எஜமானைப் பிடித்து இழுத்தபடி வருகிறாள். அவள் அப்பா கொம்மெண்டத்தோரே வாளோடு வருகிறார், சண்டை, அவர் விழுகிறார். அவர் உயிர் பிரியும் நேரத்தில் கொன்றவன், செத்துக்கொண்டிருப்பவர், ஒளிந்து நின்று பார்க்கும் வேலைக்காரன் என்று மூன்று தடித்த ஆண் குரல்கள் எஃப் மைனரில் மெதுவாகப் பின்னிக்கொள்கின்றன. ஓபராவிலேயே இதற்கு ஈடான இடங்கள் குறைவு. அந்த இசை அடங்கியதும் லெப்போரெல்லோ கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று: செத்தது யார், நீங்களா கிழவரா?

சிரிப்பும் சாவும் இப்படி ஒரே மூச்சில் வருவதற்கு ஓபரா புஃபாவின் இலக்கணம்தான் இடம் கொடுத்தது. ஓபரா சீரியாவில் இந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆளே மேடையில் இருக்க மாட்டான்.

ஐந்துகட்டை

முடிவுக் காட்சியும் அப்படியே. கொல்லப்பட்ட கொம்மெண்டத்தோரேயின் சிலை விருந்துக்கு வருகிறது. டிராம்போன்கள் முழங்குகின்றன. அந்தக் காலத்தில் அவை தேவாலயத்துக்கும் பாதாள உலகக் காட்சிகளுக்கும் உரிய வாத்தியம். சிலை நீண்ட நீண்ட சுரங்களில் பாடுகிறது. அதே நேரத்தில் மேஜைக்கு அடியில் லெப்போரெல்லோ பயத்தில் மும்மூன்று சுரமாகத் தத்தளித்துக்கொண்டு, எனக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிட்டது போலிருக்கிறது, கை கால் நிற்கவில்லை என்கிறான். நிறைய மேடைகளில் லெப்போரெல்லோவை அங்கே இருட்டில் அமுக்கிவிடுகிறார்கள். அவன் குரல் கேட்காவிட்டால் சிலையின் பயங்கரமும் பாதிதான். பாஸோ புஃபோ, அதாவது தடித்த குரலில் வேடிக்கை வேடம், பாடுபவர்கள் அந்த இடத்தில் ஒவ்வொரு அசையையும் கடித்துத் துப்ப வேண்டும். வேகமாகப் பேசுவது போல் பாடும் அந்தக் கலை எளிதல்ல. மூச்சு எடுக்கும் இடம் ஒன்று தவறினாலும் அடுத்த நான்கு வரி போய்விடும்.

மணிப்புறா

இசையில் இரண்டும் சேர்ந்து வருவதைப் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. நான் விட்டுக்கொடுக்காத ஒரே இடம் இதுதான். பாத்திரங்களின் அடுக்கு முறையைச் சொல்ல டிராம்மா ஜொக்கோசோ என்ற பெயர் இன்றும் பயன்படும். முதல் அங்கத்தின் விருந்தில் மேடையிலேயே மூன்று வாத்தியக் குழுக்கள். பிரபுக்களான ஆனாவுக்கும் ஒத்தாவியோவுக்கும் மூன்று நான்கு தாளத்தில் மினுவெட் நடனம். ஜொவானி செர்லீனாவை அழைத்துக்கொண்டு இரண்டு நான்கில் கோந்த்ரதான்ஸ் என்ற நடனம் ஆடுகிறான். லெப்போரெல்லோ மசெத்தோவைப் பிடித்து மூன்று எட்டில் ஜெர்மன் நடனம் ஆட வைக்கிறான். மூன்று தாளமும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. கோல்டோனி தாளில் பிரித்த மூன்று அடுக்கை மொஸார்ட் காதுக்குக் கொண்டுவந்துவிட்டார். இதைப் பேச ஒரு சொல் வேண்டாமா?

சுரபேதம்

வேண்டும். கோல்டோனி வழி வந்த, இரு தரப்புப் பாத்திரங்களும் உள்ள பிரதி என்ற பொருளில் நீங்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் நான் கூடவே நிற்பேன். ஓபரா புஃபாவுக்கு எதிர்ச்சொல்லாக நிறுத்தினால் மட்டும்தான் மறுப்பேன். அந்த விருந்துக் காட்சிக்கு நீங்கள் சொன்ன விளக்கத்தைவிட நல்ல விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

வைகறை

அப்படியானால் எழுதும்போது, டான் ஜொவானி ஓர் ஓபரா புஃபா, அதன் பிரதிக்கு டா போன்டே வைத்த வகைப்பெயர் டிராம்மா ஜொக்கோசோ என்று எழுதலாமா? இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எஜமான் மயக்கிய பெண்களை எண்ணிச் சொல்லும் லெப்போரெல்லோவின் பட்டியல் பாட்டை எந்தப் பக்கம் சேர்ப்பது? இத்தாலியில் 640, ஜெர்மனியில் 231, பிரான்சில் 100, துருக்கியில் 91, ஸ்பெயினில் 1003 என்று அடுக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் கேட்டுக்கொண்டு நிற்பவள் எல்வீரா.

சுரபேதம்

தாராளமாக அப்படியே எழுதுங்கள், சரியாக இருக்கும்.

பட்டியல் பாட்டு வடிவத்தில் சுத்தமான புஃபோ ஆரியா. எண்களை அடுக்குவது, பெண்களின் ஊர், தொழில், வயது என்று வகைப்படுத்துவது எல்லாம் பாஸோ புஃபோக்களின் பழைய சரக்கு. ஆனால் இரண்டாம் பாதியில் மொஸார்ட் வேகத்தைக் குறைத்து, மினுவெட் நடையில், கிட்டத்தட்ட கொஞ்சலாக மாற்றிவிடுகிறார். எஜமானின் மயக்கும் குரலை வேலைக்காரன் கடன் வாங்கிப் பாடுவது போல இருக்கும். எல்வீரா அந்தக் குரலுக்கு மயங்கித்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறாள். மேடையில் அவள் முகத்தைக் காட்டினால் ஒரு பாட்டு, லெப்போரெல்லோவின் சேட்டையை மட்டும் காட்டினால் வேறு பாட்டு.

ராக்கோழி

கேட்பதற்கு எந்தப் பதிவு நல்லது? பதிவுக்குப் பதிவு பாட்டுகள் கூடக் குறைய இருக்கின்றனவே.

ஐந்துகட்டை

அதற்குக் காரணம் 1788இல் வியன்னாவில் டான் ஜொவானியை மேடையேற்றியபோது மொஸார்ட் செய்த மாற்றங்கள். ஒத்தாவியோவுக்கு இருந்த கடினமான பாட்டை எடுத்துவிட்டு, முதல் அங்கத்தில் டல்லா சுவா பாச்சே என்ற மென்மையான பாட்டைச் சேர்த்தார். எல்வீராவுக்கு மி த்ராதி என்ற பெரிய பாட்டு வந்தது. கூடவே செர்லீனா சவரக்கத்தியோடு லெப்போரெல்லோவை மிரட்டிக் கட்டிப்போடும் முழு வேடிக்கையான ஜோடிப் பாட்டும் வந்தது. மணிப்புறாவின் கணக்குப்படி தீவிரப் பக்கமும் வளர்ந்தது, வேடிக்கைப் பக்கமும் வளர்ந்தது. பெரும்பாலான பதிவுகளில் ஒத்தாவியோவுக்கு இரண்டு பாட்டையும், எல்வீராவின் மி த்ராதியையும் வைத்துக்கொண்டு, அந்தச் சவரக்கத்திப் பாட்டை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அதனால் கேட்பவர்களுக்குத் தராசு தீவிரப் பக்கம் சாய்ந்தது போலத் தோன்றும்.

1959இல் ஜூலினி நடத்திய பதிவைக் கேளுங்கள். லெப்போரெல்லோ பாடுவது ஜுசெப்பே தத்தேயி. வார்த்தைகளை வாயில் போட்டு உருட்டும் விதத்திலேயே புஃபோ என்றால் என்ன என்று புரிந்துவிடும். சவரக்கத்திப் பாட்டைத் தனியாகத் தேடிக் கேட்டுக்கொள்ளுங்கள்.